உப்பு விலகும் இடத்தில் கெண்டை

கொச்சியின் மட்டாஞ்சேரி படகுத்துறையில் தூண்டில் போட்டால் கரிமீன் கிடைக்கும், மடவை கிடைக்கும், திலாப்பியாவும் கிடைக்கும். கெண்டை கிடைப்பது அரிது. அதே காயலின் தென்பாதியில், சாலை வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளிப் போனால், கட்லாவும் ரோகுவும் சாதாக் கெண்டையும் திரிகின்றன. இரண்டு பக்கமும் வேம்பநாட்டுக் காயல்தான். அவற்றை வேறாக்குவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. குளத்தில் தூண்டில் போடுபவர் எங்கே உட்கார்ந்தாலும் மீன் என்றாவது ஒருநேரம் அந்தப் பக்கம் வந்தாக வேண்டும். பெரிய ஏரியில் அந்த உறுதி கிடையாது. பரப்பில் பெரும்பகுதி எந்நேரமும் வெறும் தண்ணீராகவே கிடக்கும். அதனால் இங்கே இரையைப் பற்றிய யோசனை இரண்டாவது. இடத்தையும் மாதத்தையும் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. வேம்பநாட்டில் அந்த இரண்டையும் உப்புதான் முடிவு செய்கிறது.

வேம்பநாட்டுக் காயல் ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீளமானது; இந்தியாவின் மிக நீண்ட ஏரி. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழா ஆகிய ஆறுகள் இதில் வந்து விழுகின்றன. வடக்கே பெரியாற்றின் கிளைகளும் சேர்கின்றன. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவிலுள்ள முகத்துவாரத்தின் வழியே கடல் நாள்தோறும் உள்ளே ஏறி இறங்குகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் நிலம் தாழ்வானது. கோடையில் ஆறுகள் மெலிந்ததும் அந்த ஒரு மீட்டர் அலையே உப்பைத் தெற்கேயுள்ள குட்டநாட்டின் நெல்வயல் வரை கொண்டுபோய்விடும். அதைத் தடுக்க 1970-களில் தண்ணீர்முக்கத்துக்கும் வெச்சூருக்கும் இடையே காயலின் குறுக்கே ஒரு தடுப்பணை எழுப்பப்பட்டது. வழக்கமாக டிசம்பர் நடுவில் அதன் கதவுகள் இறக்கப்படுகின்றன. அறுவடை முடிந்து ஏப்ரல், மே வாக்கில் திறக்கப்படுகின்றன. கதவுகள் மூடியிருக்கும் மாதங்களில் அணைக்குத் தெற்கே நன்னீர், வடக்கே உவர்நீர். கெண்டைக்கான தூண்டில் அந்தத் தென்பகுதிக்கே உரியது.

இந்தத் தடுப்பணை கெண்டைக்குச் சாதகமானது. காயலுக்கு அப்படி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முட்டையிட உவர்நீருக்கு இறங்கி, குஞ்சுகள் மறுபடி மேலேறும் ஆற்றுக்கொஞ்சு போன்ற உயிர்களின் பாதையை அது அடைத்துவிட்டது. உப்பு ஏறாததால் தெற்கே களைகள் மண்டுகின்றன, தண்ணீர் தேங்கிக் கெடுகிறது. கதவு எப்போது திறக்கும் என்பதில் நெல் விவசாயிக்கும் மீனவருக்கும் ஆண்டுதோறும் இழுபறி நடக்கிறது. மீனவர் பக்கத்தில் நியாயம் நிறைய இருக்கிறது.

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு உண்டு. கெண்டை இனங்கள் நன்னீருக்கு உரியவை. லிட்டருக்கு 5 கிராம் வரை பெரும்பாலும் தாங்கும், அதற்குமேல் ஏற ஏற மேய்ச்சல் குறைந்து நன்னீர்ப் பக்கம் ஒதுங்கும். ஜூலையில் மட்டாஞ்சேரி எதிரே ஓடும் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால் உப்பே தெரியாமல் இருக்கலாம். அதை நம்பி அங்கே கெண்டைக்குத் தூண்டில் போடுவது வீண். மழைக்காலத்தில் ஆற்றுநீர் இலேசானதால் மேலே ஓடுகிறது. கனமான கடல்நீர் அதன் அடியில் ஆப்புப் போலப் புகுந்து நிற்கிறது. கப்பல்களுக்காக ஆழப்படுத்திய கால்வாய்கள் அதற்கு வழிவிடுகின்றன. மேலே நன்னீர், அடியிலே கடல். அடித்தரையை மேயும் கெண்டைக்கு அங்கே வேலையில்லை. வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட ஒன்றிரண்டு மீன் சீன வலையில் ஏறுவதுண்டு. அவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

உப்பை அளக்கக் கருவி தேவையில்லை, ஆகாயத்தாமரையைப் பார்த்தால் போதும். மழை முடிந்த மாதங்களில் குட்டநாட்டிலிருந்து புறப்படும் ஆகாயத்தாமரைத் திட்டுகள் நீரோட்டத்தில் வடக்கே மிதந்து வந்து, கொச்சியின் சீன வலைகளை அடைத்து மீனவர்களைத் தவிக்க வைக்கின்றன. உவர்நீரில் அந்தச் செடி நெடுநாள் உயிர்வாழாது. இலை ஓரம் முதலில் பழுப்பாகும், பிறகு காம்பு துவளும், கடைசியில் வேர்க்கொத்து அழுகித் திட்டே கலைந்து போகும். பச்சை மாறாமல் புது இலை விட்டுக்கொண்டிருக்கும் திட்டு நிற்கிற இடம் நன்னீர். ஓரம் கருகிய திட்டுகள் மட்டுமே தென்படும் இடத்தைத் தாண்டித் தெற்கே போக வேண்டும்.

எந்தக் கெண்டை, எந்த மட்டம்

காயலுக்கே உரிய கெண்டை ஒன்று உண்டு. மலையாளத்தில் புல்லன் என்றும் தூளி என்றும் சொல்கிறார்கள். பம்பை, மணிமலை, மீனச்சில் ஆறுகளிலும் அவை விழும் காயல் பகுதியிலும் வாழ்வது. ரோகுவின் உறவு, ஆனால் அந்த அளவுக்குப் பெரிதாகாது. பக்கவாட்டில் செதில் வரிசைகளை ஒட்டிக் கரும்புள்ளிகள் கோடுகோடாக ஓடும். வாய் கீழ்நோக்கி இருக்கும். உதட்டால் பாசியையும் மட்கையும் சுரண்டித் தின்னும். குட்டநாட்டில் ஒருகாலத்தில் தாராளமாகக் கிடைத்த மீன், இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. தேசிய மீன் மரபுவள ஆய்வகத்தின் கொச்சிப் பிரிவும் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் குமரகம் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து இதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கின.

தூண்டிலில் அதிகம் மாட்டும் கெண்டைகள் வெளியிலிருந்து வந்தவை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வட இந்திய ஆறுகளின் மீன்கள். தேங்கிய நீரில் இவை வளரும், ஆனால் முட்டையிடா; அதற்குப் பெருக்கெடுத்து ஓடும் ஆறு வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்திக் கெண்டையை முட்டையிட வைத்தார். குஞ்சுகளுக்காக ஆற்றை நம்பியிருந்த நிலை அதன் பிறகு மாறியது. நாட்டின் மூலைமுடுக்கு நீர்நிலைகளுக்கெல்லாம் கட்லாவும் ரோகுவும் போய்ச் சேர்ந்தன. சாதாக் கெண்டை வெளிநாட்டு மீன்: 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு ஒரு வகையும், 1957-இல் பாங்காக்கிலிருந்து வெப்பநிலத்துக்கு ஏற்ற வேறொரு வகையும் கொண்டுவரப்பட்டன. புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் 1959-இல் வந்தன. குட்டநாட்டில் நெல் அறுத்த பின் வயலில் நீர் தேக்கி இந்த மீன்களை வளர்ப்பது வழக்கம். வரப்பு உடையும்போதும் வெள்ளத்தின்போதும் அவை காயலுக்குத் தப்பிவிடுகின்றன. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் பண்ணைக் குளங்கள் பல காலியாயின; அழகுக்காக வளர்த்த பிறநாட்டு மீன்களும் ஆற்றில் கலந்தன.

இவை ஒரே தண்ணீரில் வெவ்வேறு மட்டத்தில் மேய்கின்றன என்பது தூண்டில்காரர் மறக்கக் கூடாத செய்தி. கட்லாவின் கீழ்த்தாடை மேல்நோக்கித் தூக்கியிருக்கும், மீசை இல்லை. மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும். ரோகு இடைமட்டத்தில் திரியும். மிர்காலும் சாதாக் கெண்டையும் தரையைக் கிளறும். சாதாக் கெண்டைக்கு வாயோரம் இரண்டு ஜோடி மீசைகள் உண்டு, அவற்றால் சேற்றுக்குள் இருக்கும் இரையைத் தடவிக் கண்டுபிடிக்கும். புல் கெண்டை கரையோர இலைதழைக்கு வரும். வெள்ளிக் கெண்டை நுண்பாசியை வடித்து உண்பதால் சாதாரணத் தூண்டிலுக்கு எளிதில் வாய் திறக்காது. ஆகவே கட்லாவுக்கு இரை மேலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் தொங்க வேண்டும். மிர்காலுக்குத் தரையில் கிடக்க வேண்டும். ஒரே தக்கையை ஒரே ஆழத்தில் கட்டிவிட்டு நாள் முழுக்கக் காத்திருப்பவர் காயலில் பாதி மீனை முதலிலேயே விலக்கிவிடுகிறார்.

மாதங்கள்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. முதல் மழையில் சினைமீன்கள் காயலிலிருந்தும் ஆற்றிலிருந்தும் ஓடைகள் வழியே வயல்களுக்கு ஏறும். கேரளத்தில் இதை ஊத்த என்பார்கள். கணுக்கால் அளவுத் தண்ணீரில் சினையோடு துள்ளி ஏறும் மீனைக் கூடை வைத்தும் வலை கட்டியும் மொத்தமாக அள்ளுவது பழைய பழக்கம். இன்று அது தண்டனைக்குரிய குற்றம். ஒரு புல்லனை அந்த நேரத்தில் பிடித்தால் அதன் வயிற்றிலிருக்கும் ஒரு தலைமுறையும் சேர்ந்து போகிறது. தூண்டில்காரருக்கும் அப்போது பெரிய பயன் இல்லை. கலங்கல் நீரில் மீன் சிதறிக் கிடக்கும்.

செப்டம்பர் கடைசியில் நீர் தெளியத் தொடங்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுவரை நல்ல பருவம். புஞ்ச என்னும் போக நெல்லை விதைக்க, பாடசேகரங்கள் எனப்படும் வயல் தொகுதிகளிலிருந்து தண்ணீரை இறைத்துக் காயலில் விடும் காலமும் இதுவே. பெட்டியும் பறையும் என்று அழைக்கப்படும் மரக்கூட்டுப் பம்புகள் வயல்நீரோடு மண்புழு, பூச்சி, நத்தை, அழுகிய தாள் எல்லாவற்றையும் வெளியே தள்ளுகின்றன. அந்தப் பம்புகளின் வாய்க்குக் கீழே, நுரை அடங்கி நீரோட்டம் தளரும் இடத்தில், கெண்டைகள் கூடும். ஒரே ஒரு எச்சரிக்கை: குட்டநாட்டு மண்ணின் சில பகுதிகளில் கந்தகச் சேர்மங்கள் அதிகம், வயல் காய்ந்து மறுபடி நனையும்போது புளிப்பு நீர் வெளியேறும். பம்புவாயருகே சின்ன மீன்கள் வாய் பிளந்து மேலே திணறிக்கொண்டிருந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

டிசம்பர் நடுவில் கதவு மூடிய பிறகு மார்ச் வரை தெற்கே நிலையான நன்னீர். ஏப்ரலில் தண்ணீர் சூடேறிப் பாசி மண்டும். பகலில் பாசி உயிர்வளியை வெளியிடுகிறது. இரவில் அதையே உறிஞ்சுகிறது. விடியலுக்குச் சற்று முன்புதான் நீரில் உயிர்வளி மிகக் குறைவாக இருக்கும். விடியற்காலையே மீனுக்கு நல்ல நேரம் என்ற பொதுவான நம்பிக்கை, களை மண்டிய கோடைநீரில் பொருந்தாது. வெயில் ஏறி ஓரிரு மணி நேரம் ஆனபின் மீன் மேயத் தொடங்கும். குளிர்ந்த மாதங்களில் விடியலும் அந்தியும் சரியான நேரமே.

பெரிய நீரில் சிறிய இடம்

காயலின் தென்பாதி பெரும்பாலும் ஆழமற்றது. பல இடங்களில் ஆள் ஆழம்கூட இல்லை. வண்டல் படிந்து ஆண்டுக்கு ஆண்டு மேடாகிவருகிறது. இப்படித் தட்டையாகக் கிடக்கும் தரையில், சிறு மாற்றம் இருக்கும் இடமெல்லாம் மீனுக்கு அடையாளம். 1993-இல் தேசிய நீர்வழி எண் 3 ஆக அறிவிக்கப்பட்ட கொல்லம்–கோட்டப்புரம் தடத்துக்காக ஆழப்படுத்திய கால்வாய் காயலின் நடுவே போகிறது. வெயில் நேரத்தில் மீன் அந்தப் பள்ளத்தின் சரிவில் தங்கி, வெயில் தாழ்ந்ததும் மேட்டுக்கு மேய வருகிறது. சரிவை நோக்கி இரை வீசலாம். கால்வாய்க்குள் வள்ளத்தைக் கட்டி நிறுத்தக் கூடாது, பெரிய படகுகளின் பாதை அது.

தரையைப் படிக்க எளிய வழி ஒன்று உண்டு. முள் கட்டாமல், வெறும் ஈயத்தை மட்டும் நரம்பில் கட்டி வீசி, மெல்ல இழுத்துவர வேண்டும். விரலில் நரம்பைத் தாங்கியபடி இழுத்தால் தரை கையில் தெரியும். சேறாக இருந்தால் ஈயம் முதலில் ஒட்டிக்கொண்டு, பிறகு விட்டுக்கொடுத்து வழுவழுவென்று வரும். களை இருந்தால் இழுப்பு கனத்து, திடீரென விடுபடும். கறுப்பு மட்டிப் படுகையில் ஈயம் கடகடவென அதிர்ந்து வரும். வேம்பநாடு மட்டிக்குப் பேர்போன காயல். முகம்மா பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பே அதில்தான். சாதாக் கெண்டை மட்டிக் குஞ்சையும் நத்தையையும் தொண்டைப் பல்லால் நொறுக்கித் தின்னும். சேறு முடிந்து மட்டி தொடங்கும் எல்லையில் இரை போடுவதே உகந்தது. ஆழ்ந்த சேற்றில் போட்ட இரை புதைந்து மறைந்துவிடும்.

அடுத்தது காற்று. பிற்பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து எழுந்து காயலைக் கடக்கிறது. முகம்மா பக்கம் அமைதியாக இருக்க, எதிர்க்கரையான குமரகம் பக்கம் அலையடித்துக் கரை கலங்குகிறது. கலங்கிய நீரில் இரை எழும்பும், அலையடிப்பில் உயிர்வளி கலக்கும். கெண்டை அந்தக் கரைக்கே போகும். வீசுவதற்கு வசதி என்று காற்றுக்கு முதுகு காட்டி உட்காருபவர்கள் மீன் இல்லாத கரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதிராமணல் தீவின் இரண்டு பக்கங்களிலும்கூட இந்த வேறுபாட்டைக் காணலாம்.

ஆகாயத்தாமரைத் திட்டின் ஓரமும் நல்ல இடம். வேர்க்கொத்துகளில் பூச்சியும் இறால் குஞ்சும் நிறைந்திருக்கும், நிழலும் உண்டு. ஆனால் மாட்டிய மீன் முதலில் பாயப்போவது அந்த வேருக்குள்தான். அதனால் திட்டிலிருந்து சில முழம் தள்ளியே இரை கிடக்க வேண்டும்.

காதும் வாயும்

கெண்டைக் குடும்பத்துக்கு நல்ல செவி உண்டு. நீச்சல் பையையும் உட்செவியையும் ஒரு சிறு எலும்புத் தொடர் இணைக்கிறது. அதை 1820-இல் ஜெர்மன் உடற்கூற்றியலாளர் வெபர் விவரித்ததால் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தண்ணீரில் வரும் அதிர்வைப் பை வாங்கி, எலும்புகள் செவிக்குக் கடத்துகின்றன. வள்ளத்துக்குள் செருப்புக் காலால் தட்டுவது, நங்கூரத்தைத் தொப்பென்று போடுவது, துடுப்பைப் பலகையில் வைப்பது எல்லாம் ஆழமற்ற நீரில் நெடுந்தூரம் கேட்கும். மூங்கில் கழியை மெல்லச் சேற்றில் ஊன்றி வள்ளத்தைக் கட்டுவதே முறை. ஓலைக் குப்பையோ பழைய சாக்கோ வள்ளத்தின் அடியில் விரித்துக்கொண்டால் சத்தம் அடங்கும்.

கெண்டையின் தாடையில் பல் கிடையாது; பற்கள் தொண்டையில் இருக்கின்றன. இரையை உறிஞ்சி உள்ளே இழுக்கும், சுவைத்துப் பார்க்கும், பிடிக்காததைத் துப்பிவிடும். எல்லாம் ஒரு நொடிக்குள் நடந்துவிடும். முள்ளின் உறுத்தல் தெரிந்தால் இரையையும் சேர்த்துத் துப்பும். இந்த வழக்கத்தை வெல்லத்தான் 1980 வாக்கில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் இருவரும் ஒரு கட்டு முறையை உருவாக்கினார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் அடியிலிருந்து தொங்கும் மெல்லிய இழையில் கோப்பார்கள். மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள்ளும் கூடவே போகிறது. துப்பும்போது உதட்டில் குத்திக்கொள்கிறது. இன்று உலகெங்கும் பெரிய ஏரிக் கெண்டைக்கு இதுவே முதன்மையான முறை. அதற்கு முன்பே, 1952 செப்டம்பரில், ரெட்மையர் என்ற சிறு நீர்நிலையில் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு, அதாவது 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்து, இந்த மீனைத் தூண்டிலில் பிடிக்கவே முடியாது என்ற அக்கால எண்ணத்தை உடைத்தார்.

தென்னிந்தியாவில் இந்தக் கலைக்கு எழுத்து வரலாறு இன்னும் பழையது. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் மங்களூரில் ‘தி ராட் இன் இந்தியா’ நூலை வெளியிட்டார். ஏரி, குளத் தூண்டிலுக்கென்றே 1887-இல் ‘டாங்க் ஆங்ளிங் இன் இந்தியா’ என்ற தனி நூலும் எழுதினார்.

காயலுக்குத் தேவையான சாமான்கள் அதிகமில்லை. பத்துப் பன்னிரண்டு அடிக் கம்பு, நூறு மீட்டருக்குக் குறையாமல் நரம்பு கொள்ளும் ரீல், 6 முதல் 8 கிலோ வரை தாங்கும் நரம்பு. முள் 4 முதல் 8 எண் வரை. புல்லனின் சிறிய கீழ்வாய்க்கு இன்னும் சிறியது. ஈயம் கனமாக இருக்க வேண்டியதில்லை, ஆழமற்ற நீரில் கனத்த ஈயம் விழும் சத்தமே மீனைக் கலைக்கும்.

தீனியும் இரையும்

முள்ளில் கோக்கும் இரை வேறு, மீனைக் கூட்டத் தூவும் தீனி வேறு. பெரிய நீரில் இரண்டாவது இல்லாமல் முதலாவது பயன்படாது. வங்காளத் தூண்டில்காரர்கள் இந்தத் தீனியைச் சார் என்று அழைத்து, வறுத்த வெந்தயம் முதலான மணப்பொருள்களைச் சேர்த்து ஒரு தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். குட்டநாட்டில் கிடைப்பதை வைத்துச் செய்வதென்றால் அரிசித் தவிடு, பொடித்த கடலைப் புண்ணாக்கு அல்லது தேங்காய்ப் புண்ணாக்கு, கொஞ்சம் வறுத்த வெந்தயப் பொடி. தண்ணீர் தெளித்துப் பிசைந்து உருட்டும்போது பதம் முக்கியம். கட்லாவுக்கென்றால் நீரில் விழுந்ததும் உடைந்து மேகம் போலப் பரவ வேண்டும். மிர்காலுக்கும் சாதாக் கெண்டைக்கும் என்றால் தரைக்குப் போய்ச் சேர்ந்தபின் கரைய வேண்டும். நீரோட்டம் இருக்கும் இடத்தில் கொஞ்சம் களிமண் கலந்தால் உருண்டை கனக்கும். முதலில் நாலைந்து உருண்டை, பிறகு அரைமணிக்கு ஒன்று. ஒரேயடியாகக் கொட்டினால் மீன் வயிறு நிறைந்து போய்விடும், மிச்சம் அடியில் புளித்து நீரைக் கெடுக்கும்.

முள்ளுக்கு மைதா அல்லது கோதுமை மாவு உருண்டை எல்லோரும் அறிந்தது. வேம்பநாட்டில் அதற்கொரு தொல்லை உண்டு: திலாப்பியாவும் பரலும் நொடியில் கொத்திக் காலி செய்துவிடும். சிறுமீன் அரிக்க முடியாத கெட்டியான இரை வேண்டும். இரவெல்லாம் ஊறவைத்து, அழுத்தினால் நசுங்கும் ஆனால் உடையாத அளவுக்கு வேகவைத்த கொண்டைக்கடலையோ மக்காச்சோளமோ இதற்கு ஏற்றது. வேகாத பயறைத் தீனியாகத் தூவக் கூடாது. மீனின் குடலில் ஊறி உப்பும், கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. மண்புழு எந்நாளும் பயன்படும், ஆனால் கூரி போன்ற மீன்களையும் அழைத்துவரும். புல் கெண்டைக்கு இளம் புல்லையும் கோரைக் குருத்தையும் கொத்தாகக் கட்டி மேலே மிதக்கவிட்டுப் பார்க்கலாம்.

கடியும் இழுப்பும்

தக்கை உடனே மூழ்கும் என்று காத்திருப்பவர் பல கடிகளைத் தவறவிடுவார். தரையில் கிடக்கும் இரையைக் கெண்டை தலைகுனிந்து உறிஞ்சி நிமிரும்போது, ஈயக்குண்டும் கூடவே உயர்கிறது. பாரம் நீங்கிய தக்கை தண்ணீருக்கு மேல் எழும்பி, சில நேரம் சாய்ந்தே படுத்துவிடும். மூழ்கும் கடியைவிட இந்த எழும்பும் கடியே உறுதியானது. அந்த நொடியில் மணிக்கட்டால் சுண்டினால் போதும், கம்பைத் தலைக்கு மேல் வீசி இழுக்க வேண்டாம். கட்லாவின் கடி வேறு மாதிரி. தக்கை இரண்டு மூன்று முறை நடுங்கிப் பிறகு பக்கவாட்டில் நகரும்.

மாட்டிய மீன் முதல் பாய்ச்சலிலேயே நரம்பை அறுக்கப் பார்க்கும். ரீலின் பிடியை முன்கூட்டியே தளர்த்தி, நரம்பு அறுவதற்கு முன் அவிழும் அளவில் வைத்திருக்க வேண்டும். மீன் ஓடும்போது விடுவது, நிற்கும்போது சுற்றுவது. களைப் பக்கம் திரும்பினால் மட்டும் கம்பை எதிர்ப்பக்கம் சாய்த்து வழிமறிப்பது. வள்ளத்தருகே வந்தபின்தான் பெரும்பாலான மீன்கள் தப்புகின்றன. கைவலையை முதலிலேயே நீரில் அமிழ்த்தி, மீனை அதன் மேல் கொண்டுவந்து தூக்க வேண்டும். வலையால் மீனைத் துரத்தக் கூடாது.

எதை விடுவது, எதை வைப்பது என்பதில் தயக்கம் வேண்டாம். புல்லனை நீரிலேயே விட்டுவிடலாம், சினையோடு இருந்தால் கட்டாயம் விட வேண்டும். நனைந்த கையால் பிடித்து, செவுளில் விரல் விடாமல், முள்ளை எடுத்து, மீன் தானாக நழுவும்வரை நீருக்குள் தாங்கியிருந்தால் பிழைக்கும். காய்ந்த கை அதன் மேல்படலத்தை உரித்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்ப விடவே கூடாது. நாட்டு மீன்களை அழிப்பதால் இந்தியாவில் அதை வளர்ப்பதற்கே தடை உள்ளது.

2010-இல் கேரளம் இயற்றிய உள்நாட்டு மீன்வளச் சட்டம் வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பதைத் தடை செய்கிறது. காயலில் மீன் பெருகுவதற்காகக் கழி நட்டு அடையாளமிட்ட பாதுகாப்புப் பகுதிகள் உண்டு. அதற்குள் தூண்டிலும் போடக் கூடாது. கழிகளில் கட்டிய ஊன்னி வலைகளின் வரிசைக்குக் குறுக்கே நரம்பு வீசுவதும், அந்தக் கழியில் வள்ளத்தைக் கட்டுவதும் மீனவரின் பிழைப்பில் கைவைப்பதாகும். ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் 2008-இல் தொடங்கிய வேம்பநாட்டு மீன் கணக்கெடுப்பில் மீனவர்களும் மாணவர்களும் சேர்ந்து காயலைச் சுற்றிவருகிறார்கள். எந்தக் கெண்டை எங்கே கிடைத்தது என்று குறித்துவைக்கும் தூண்டில்காரரும் அந்த அறிவுக்குத் துணை செய்ய முடியும்.

ஆபத்துகளில் முதலாவது மின்னல். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமழை சட்டென்று திரளும். திறந்த நீர்ப்பரப்பில் உயர்ந்து நிற்பது தூண்டில்காரரும் அவர் கம்பும்தான்; கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். கிழக்கே மேகம் கறுத்ததுமே கரையேற வேண்டும். இரண்டாவது எலிக்காய்ச்சல். குட்டநாட்டு வரப்புகளிலும் வாய்க்கால்களிலும் காலில் புண்ணோடு வெறுங்காலாக இறங்குவது ஆபத்து. மழைக்குப் பிறகு தண்ணீரில் நின்றவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் போகத் தாமதிக்கக் கூடாது.

கெண்டையைக் கொச்சிச் சமையலறைகள் கரிமீனுக்கு நிகராக மதிப்பதில்லை. வங்கம், அசாம், ஒடிசாவிலிருந்து வந்து இங்கே வேலை செய்பவர்களோ ரோகுவையும் கட்லாவையும் தேடி வாங்குகிறார்கள். சேற்று வாடையே உள்ளூர்க்காரரின் குறை. நீலப்பச்சைப் பாசியும் சில மண் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் கொழுப்பில் படிவதால் வருவது அது. புளிப்பு பட்டால் சிதையும். குடம்புளி போட்டு மண்சட்டியில் வைக்கும் கோட்டயம் மீன்கறி ஆற்று மீனுக்கு ஒத்துவருவதற்கு இதுவும் ஒரு காரணம். வயிற்றின் உட்புறத்துக் கறுப்புச் சவ்வை முழுக்கச் சுரண்டி எடுத்து, துண்டுகளை அரைமணி நேரம் புளித்தண்ணீரில் ஊறவைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும். சதைக்குள் கவட்டை வடிவில் ஓடும் நுண்முள்கள்தான் இன்னொரு குறை. துண்டை முழுதாக அறுக்காமல், தோல்வரை நெருக்கமாகக் குறுக்கே கீறிப் பொரித்தால் அந்த முள்கள் துண்டுபட்டு மொறுமொறுப்பாகிவிடும். குழம்புக்கு என்றால் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட மீனையே எடுப்பது நல்லது, அதன் முள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்கும்.